மீன் விலையில் தெரியாத மீனவர் வாழ்வு: பங்கு, தடைக்காலம், காப்பீடு

தெற்கு டெல்லியில் டெல்லி ஹாட் எதிரே உள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட், கடலில்லாத தலைநகரில் கடல் மீன் கிடைக்கும் முக்கிய இடங்களுள் ஒன்று. வஞ்சிரம், இறால், நண்டு தேடித் தமிழர்கள் உள்ளிட்ட பல மாநிலத்தவரும் இங்கு வருகின்றனர். வாங்குவோர் அறிவது மீனின் விலையை மட்டுமே. அதைப் பிடித்தவரின் வருமானம் வேறு கணக்கில் அமைகிறது.

ஊதியம் அல்ல, பங்கு

தமிழக விசைப்படகுத் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் மாத ஊதியம் கிடையாது. மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ், உணவுச் செலவுகளைக் கழித்து, எஞ்சுவதே படகு உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கிடப்படுகிறது. டீசல் விலை உயர்ந்தாலும், மீன்வரத்து குறைந்தாலும் இழப்பு தொழிலாளியின் பங்கிலும் விழுகிறது. கரையில் ஏலம் முடிந்தபின் தரகு, போக்குவரத்து, கடை வாடகை எனக் கூடும் விலை இந்தப் பங்கில் சேர்வதில்லை.

தடைக்காலம்

மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகிறது. இக்காலத்துக்கான நிவாரணத்தை ஒரு குடும்பத்துக்கு ரூ.5,000-லிருந்து ரூ.8,000 ஆக உயர்த்துவதாகத் தமிழக அரசு 2023 ஆகஸ்டில் அறிவித்தது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் இது சுமார் ரூ.131.

உயிருக்கான காப்பு

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் உயிரிழந்தனர். பலர் கடலில் காணாமல் போயினர். உடல் கிடைக்காத நிலையில், 7 ஆண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராகக் கருதலாம் என்ற பொதுவான சட்ட விதி, குடும்பங்களின் துயரைக் கூட்டக்கூடியது. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், விபத்து மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு ரூ.5 லட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ரூ.2.5 லட்சமும் காப்பீடு வழங்கப்படுகிறது.

சர்வதேச விதி

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2007-இல் ஏற்ற 188-ஆவது உடன்படிக்கை, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துபூர்வ பணி ஒப்பந்தம், மருத்துவ வசதி, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. மூன்று நாட்களுக்கு மேல் கடலில் தங்கும் படகுகளில், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இந்த உடன்படிக்கைக்கு இந்தியா இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை.