ஆங்குலர்ஜேஎஸ் வரலாறும் ஒற்றைச் சட்டகத் தேர்ச்சியும்

மென்பொருள் சட்டகம் எனப்படும் பிரேம்வொர்க், செயலிகளுக்குப் பொதுவாகத் தேவைப்படும் நிரல்களை முன்கூட்டியே வகுத்துத் தரும் அடித்தளமாகும். ஆலோசனை நிறுவனங்கள் ஒரே சட்டகத்தில் தேர்ச்சி பெறுவதா, பலவற்றைப் பழகுவதா என்ற கேள்விக்கு ஆங்குலர்ஜேஎஸ் வரலாறு நல்ல பாடமாகும்.

மிஷ்கோ ஹெவரி உருவாக்கத் தொடங்கி, கூகுள் வளர்த்த இச்சட்டகம் 2010இல் வெளியானது. திரையில் பயனர் மாற்றும் தரவும் நிரலிலுள்ள தரவும் தாமாகவே ஒத்துப்போகும் இருவழிப் பிணைப்பு இதன் சிறப்பு. வேலை விரைந்து முடிந்ததால், இதை மட்டுமே நம்பித் தொழில் நடத்திய நிறுவனங்களும் இருந்தன.

2014 அக்டோபரில் பாரிசில் நடந்த மாநாட்டில், இரண்டாம் பதிப்பு பெரிதும் மாறுபட்டிருக்கும் என்பது தெரியவந்தது. 2016 செப்டம்பரில் வெளியான அப்பதிப்பு டைப்ஸ்கிரிப்டில் புதிதாக எழுதப்பட்டிருந்தது. பழைய நிரல் அதில் அப்படியே இயங்காது. இதற்கிடையே 2013இல் ஃபேஸ்புக்கின் ரியாக்ட்டும், 2014இல் எவன் யூவின் வியூவும் வந்துவிட்டன. ஆங்குலர்ஜேஎஸ்சுக்கு கூகுள் அளித்த ஆதரவு 2021 டிசம்பர் 31உடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. பழைய செயலிகளை வைத்திருந்த வாடிக்கையாளர்களே செலவைச் சுமந்தனர்.

ஆயினும், அச்செயலிகளைப் புதிய சட்டகத்துக்கு மாற்ற, பழையதன் உள்ளமைப்பை அறிந்தவர்களே தேவைப்பட்டனர். எனவே ஆழ்ந்த தேர்ச்சி வீணல்ல. ஆனால் சட்டகத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவர் அதை வெளியிடுபவரே; ஆலோசகர் அல்லர். ஒன்றில் ஆழம், இன்னொன்றில் பழக்கம், இரண்டுக்கும் அடியிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உறுதி ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதே பாதுகாப்பான வழி எனலாம்.