பறங்கி என்றொரு பெயர்

ஆங்கிலேயப் படைவீரனை நம் முன்னோர் ‘பறங்கி’ என்றனர். அச்சொல் நமக்கு அந்நியமன்று. சிலுவைப்போருக்கு வந்த ஐரோப்பியரை அரபு வரலாற்றாசிரியர்கள் ‘இஃப்ரஞ்ச்’ என்றெழுதினர். ‘ஃபிராங்க்’ என்னும் இனப்பெயரின் அரபு வடிவம் அது, வசையன்று. பாரசீகத்தில் ‘ஃபிரங்கி’ ஆகி, தமிழில் முதலில் போர்த்துக்கீசியரைக் குறித்தது. சென்னைப் பரங்கிமலை அதற்குச் சான்று. பின்னர் அம்மலையடியில் ஆங்கிலேயர் பாசறை அமைத்தனர். பெயர் அவர்களுக்கும் பொருந்திப்போயிற்று.

1857இல் கிளர்ந்தெழுந்த வடஇந்தியச் சிப்பாய்களின் நாவில் ‘ஃபிரங்கி’ என்றாலே பகைவன். ஆங்கிலேயரும் சளைக்கவில்லை. மங்கள் பாண்டேயின் பெயரால் கிளர்ச்சியாளர் அனைவரையும் ‘பாண்டி’ என்றனர். அவர்களுள் முஸ்லிம்கள் திரளாக இருந்தது பொருட்டாகவில்லை.

அந்த ஆங்கிலேய வீரர்களோ தம் தாயகத்தை ஏக்கத்தோடு ‘பிளைட்டி’ என்றழைக்கலாயினர். இந்தியாவில் அவர்கள் கேட்டுப் பழகிய ‘விலாயத்தி’யின் திரிபு அது. அதன் வேரும் நாமறிந்த ‘விலாயத்’ என்னும் அரபுச் சொல்லே.