பாசறையின் முதல் வாரங்களும் பயிலுநரின் தாய்மொழியும்

இலங்கைத் தரைப்படை 1949 ஒக்டோபர் 10 இல் உருப்பெற்றபோது இந்நாட்டின் அரசகருமம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. 1955 இல் அப்படையின் தளபதியாக நியமனம் பெற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். மறுவருடமே சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிற்று. 1987 இல், பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம், தமிழும் அரசகரும மொழியாயிற்று. வீட்டைப் பிரிந்த இளம் பயிலுநர் தம் காலில் நிற்கப் பழகுவதற்கும் இம்மொழி வரலாற்றுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டென்பது என் துணிபு. இதனை மனோதைரியம் பற்றிய விஷயமாக மாத்திரம் கருதுவோர் பாதியையே காண்கின்றனர்.

தாயார் தோய்த்து மடித்து வைத்த சட்டையையே உடுத்து வளர்ந்த வெள்ளவத்தைப் பையன் ஒருவன், கோட்டைப் புகையிரத நிலையத்திற் பதுளை வண்டியேறி, நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள படைப்பயிற்சித் தளமான தியத்தலாவையில் இறங்குகிறான் எனக் கொள்வோம். விடியுமுன் குளிர்ந்த நீரில் முகம் மழிக்கவும், போர்வையை மூலை பிசகாமல் மடிக்கவும், சப்பாத்து முனையில் ஒரு துளி நீரும் சிறிது பொலிஷும் இட்டு, சுட்டுவிரலிற் சுற்றிய துணியால் வட்டவட்டமாகத் தேய்த்து அதிலே தன் முகம் தெரியச் செய்யவும் அவன் சில வாரங்களிற் கற்றுவிடுவான். எனினும் இவையெல்லாம் பிறர் குறித்த நேரத்தில், பிறர் குறித்த முறையிற் செய்பவை. சுயாதீனமாவது தன் உடைமையையும், தன் வேதனத்தையும், தன் துயரத்தையும் தானே ஆளுந் திறன். முதலிரண்டும் பழக்கத்தால் வரும். மூன்றாவதற்குப் பேச ஒரு மொழியும் கேட்க ஒரு செவியும் வேண்டும்.

இரவும் பகலும் சிங்களம் ஒலிக்கும் இடத்தில் அம்மொழி தானே வந்துவிடும் என்பார் உளர். கட்டளைச் சொற்கள் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்பதையும் சைகையாலே உணர்த்திவிடலாம். இரவில் நித்திரையின்றி அம்மாவின் நினைவாகவே கிடக்கிறேன் என்பதை எந்தச் சைகையால் உணர்த்துவது? 2012 நவம்பரில் வடக்கிலே 109 தமிழ் யுவதிகள் படையிற் சேர்க்கப்பட்டனர். மறுமாதமே அவருட் சிலர் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட, அவர்களுக்கு நேர்ந்தது பற்றி ஊரெங்கும் வதந்திகள் பரவின. அவற்றின் மெய்ம்மை பொய்ம்மையை ஈண்டு ஆராயேன். போர் முடிந்து நான்காண்டும் நிறையாத அம்மண்ணில், பிள்ளையின் குரல் எட்டாத பெற்றோரிடம் வதந்தியே செய்தியாகும் என்பது மாத்திரம் தெளிவு.

2011 இல் பல்கலைக்கழகப் புகுமுக மாணவரைப் படைமுகாம்களுக்கு அனுப்பி மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி அளித்ததையும் இவ்விடத்து நினைத்தல் தகும். வரிசையில் நிற்கப் பழக மூன்று வாரம் போதும். தனித்து வாழப் பழகப் போதாது.

ஆகவே பயிற்சிக்குப் பொறுப்பானோரை வேண்டுவது அதிகமன்று. தமிழ்ப் பயிலுநர் உள்ள அணி ஒவ்வொன்றிலும் தமிழ் நன்கறிந்த சார்ஜன் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்; முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே ஒவ்வொரு பயிலுநரும் தம் மொழியில் வீட்டாருடன் பேச இடமளித்தல் வேண்டும். தமிழை அரசகரும மொழியாக ஏற்ற அரசுக்கு இவையிரண்டும் புதிய சலுகைகள் அல்ல, நெடுநாள் நிலுவையிலுள்ள கடன்கள்.