மங்கி குல்லாவும் பெர்னார் இனோவும்

மார்கழிப் பனியில் நம்மூர்ப் பெரியவர்கள் மாட்டிக்கொள்ளும் மங்கி குல்லாவுக்கு ஆங்கிலத்தில் 'பாலக்லாவா' என்று பெயர். 1854-இல் கிரிமியப் போரில் சண்டை நடந்த ஊர் அது. பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சில் 'பாஸ்-மோந்தாஞ்', அதாவது மலை கடப்பது. போரைவிட மலை எனக்குப் பிடித்திருக்கிறது.

1980 ஏப்ரல் 20 அன்று அது பெயருக்கேற்ற வேலை செய்தது. பெல்ஜியத்தில் லியேஜிலிருந்து பஸ்தோஞ் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம். ஆர்தென் மலைச்சாலை, 244 கி.மீ. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. சைக்கிளில் போகிறவனுக்கு எதிர்காற்று ஓயாது. வேகம் கூடக் கூடக் குளிரும் கூடும். முதலில் மரத்துப்போவது மூக்கும் காதும்தான். பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ சிவப்புக் கம்பளிக் குல்லா ஒன்றை மாட்டிக்கொண்டு ஓட்டினார். கிளம்பிய 174 பேரில் ஊர் திரும்பிக் கோட்டைத் தொட்டவர்கள் 21 பேர். இனோவோ சுமார் 80 கி.மீ. மீதமிருக்கும்போதே தனியாகப் பிரிந்து, அடுத்தவரைவிட ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முந்தி வந்தார்.

முகத்தைக் காத்த குல்லா கைக்கு உதவவில்லை. வலக்கையில் இரண்டு விரல்கள் பழையபடி அசைய மூன்று வாரம் ஆயிற்று. பிறகும் குளிர் வந்தால் அவை வலித்தன.