பாக்தாதின் வீழ்ச்சியும் கிழக்குத் திருச்சபையும்

1258 பிப்ரவரியில் ஹுலாகு கானின் மங்கோலியப் படை பாக்தாதைக் கைப்பற்றிற்று. ஐந்து நூற்றாண்டுகள் நிலவிய அப்பாசிய மரபின் கலீபா முஸ்தாசிம் கொலையுண்டார். நகரத்தார் வாளுக்கு இரையாக, கிறிஸ்தவர் பெரும்பாலும் தப்பினர். ஹுலாகுவின் மனைவி தோகுஸ் காத்தூன், நெஸ்தோரியர் எனப் பிறர் அழைத்த கிழக்குத் திருச்சபையைச் சார்ந்தவர். அச்சபையின் தலைவர் மக்கிகாவுக்குக் கலீபாவின் அரண்மனைகளுள் ஒன்றும் அளிக்கப்பட்டது. இதனை விடுதலையென்று அன்றைய கிறிஸ்தவர் எண்ணியதில் வியப்பில்லை. நாமும் அங்கிருந்திருந்தால் அவ்வாறே எண்ணியிருப்போம். எனினும் அயலாரின் பிணங்களைக் கடந்தே அவ்வரண்மனைக்குள் செல்ல வேண்டியிருந்தது.

1260 மார்ச்சில் தமஸ்குவும் பணிந்தது. கிறிஸ்தவர் சிலுவையை ஏந்தித் தெருக்களில் சென்று, முஸ்லிம்களை எழுந்து நிற்கக் கட்டாயப்படுத்தினர் என அரபு வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். ஆறே மாதங்களில், செப்டம்பர் 3ஆம் நாள், ஐன் ஜாலூத்தில் எகிப்திய மம்லூக்குகள் மங்கோலியரை முறியடித்தனர். (யெஸ்ரயேல் பள்ளத்தாக்கிலுள்ள அவ்விடத்தின் பெயருக்குக் கோலியாத்தின் ஊற்று என்று பொருள்.) மங்கோலியத் தளபதி கித்புகா, அவரும் கிறிஸ்தவரே, மாண்டார். செய்தி எட்டியதும் தமஸ்குவில் கிறிஸ்தவர் வீடுகள் சூறையாடப்பட்டன. மரியாளின் ஆலயம் இடிக்கப்பட்டது.

1295இல் ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் காசான் இஸ்லாத்தைத் தழுவி அரியணை ஏறினார். மக்கிகா பெற்ற அரண்மனை முஸ்லிம்களிடமே திரும்பிற்று.