நெற்றிக்குப் பின்னால்

நாளைய வேலையை இன்றே திட்டமிடுவதும், பொங்கி வரும் கோபத்தை அடக்குவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடல் பார்க்கும் வேலை. பயமும் கோபமும் கிளம்பும் இடங்களில் ஒன்று, உள்ளே பாதாம்பருப்பு அளவிலுள்ள அமிக்டலா. அதற்கு முன்மடல்தான் கடிவாளம்.

1935ல் போர்ச்சுகல் மருத்துவர் மோனிஸ், மனநோயாளிகளின் முன்மடல் நரம்பிழைகளை அறுக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 1949ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பலருக்கு ஆவேசம் அடங்கியது. கூடவே திட்டமிடும் திறனும், தானாக ஒன்றைத் தொடங்கும் ஊக்கமும் மங்கிப்போயின.

1952ல் பாரிஸில் டிலே, டெனிக்கேர் என்ற இருவர் குளோர்ப்ரோமசைன் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. கத்திக்கு வேலை குறைந்தது. பிரெஞ்சில் படித்த எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.

ஆனாலும் மருந்துக்கு அடங்காதவர்கள் இருந்தார்கள். நம் விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து ரயிலேறிப் போவோமே, அந்தச் சென்னை பெரியாஸ்பத்திரியில் 1950ல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி. அவரும் டாக்டர்கள் வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோரும் 1960களில், தலையில் சட்டம் பொருத்தி அளவெடுத்து, அமிக்டலாவில் ஒரு சிறு இடத்தை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். நோயாளிகளில் குழந்தைகளும் உண்டு.

பெற்றவர்களின் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் சம்மதத்தை யார் கேட்பது? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது: நோயாளியே விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும்; வாரியமும் அனுமதிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது.