முடக்குவாதம்

"விரலெல்லாம் முடங்கிக் கெடக்குப்பா, செம்பைக்கூடப் பிடிக்க முடியல." காளையார்கோவில் பக்கம் ஒரு அப்பத்தா விடிந்ததும் இப்படிச் சொன்னால், நோயின் பெயரே அதற்குள் இருக்கிறது.

முடங்கு என்பதன் பிறவினை முடக்கு: மடக்கு, செயலறச் செய். அந்த முடக்கை அறுக்கும் என்ற நம்பிக்கையில் வேலிக்கொடிக்கு முடக்கறுத்தான் என்று பெயர். தோசைமாவில் சேரும்போது அது முடக்கத்தான். வாதம் வடசொல், பொருள் காற்று. சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், ஐயம் மூன்றில் முதலாவது. வழக்காடும் வாதம் வேறு சொல். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பக்கவாதமும் வேறு: அது மூளையின் ரத்த ஓட்டம் கெடுவதால் வருவது; முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்குகிறது.

முடக்குவாதத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் 'ரூமட்டாய்டு' என்பதன் வேர், கிரேக்க 'ரூமா': ஒழுக்கு. அங்கே நீர், இங்கே காற்று!

இந்நோய்க்கான ரத்தப் பரிசோதனையின் லேப் சீட்டில் வரும் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' 1940இல் நார்வேயின் எரிக் வாலர் விவரித்தது. அதே சீட்டில் வரும் 'ஆன்டி சிசிபி'யின் இரண்டாவது 'சி', சிட்ரூலினைக் குறிக்கும். தர்ப்பூசணியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. அந்தப் பழத்தின் லத்தீன் பெயரையே பெற்றது.

சீட்டில் 'பாசிட்டிவ்' என்றிருந்தாலே முடக்குவாதம் ஆகிவிடாது. நோயில்லாத முதியவருக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் காட்டலாம், நோயுள்ளவருக்குக் காட்டாமலும் போகலாம். அதனால்தான் மருத்துவர் சீட்டைப் படித்த கையோடு, "காலையில விரல் மடக்க எவ்வளவு நேரமாகுதும்மா?" என்றும் கேட்கிறார்.